துரைக்குப் போன கொப்பரை

“தூள் கொஞ்சம் கரகரப்பா இருந்தாலும் உள்ளே எண்ணெய் தங்கிடும் புள்ளே. நல்லாக் காய வச்சு, மாவு மாதிரி இடிச்சு, சலிச்சு வை. துரை ஈத்தர் ஊத்தி, எண்ணெயைத் தனியாப் பிரிச்சு அளந்து பார்ப்பார்.”

மலாக்கா தெங்கேரா எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில், வெள்ளைக்காரத் துரைக்கு அப்துல் கய்யூம் உதவியாளர். அங்கே அரவை மெஷின் உடைந்துவிட்டதால், வியாபாரி கணபதி விற்க வந்த கொப்பரையில் சோதனைக்கென ஒரு பொட்டலத்தைக் காஜா பேராங்கில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்.

“காலையில தயாரா இருக்கும் மச்சான்,” என்றாள் மனைவி ஷரீஃபா.

மறுநாள் மாலை, சைக்கிளை நிறுத்தும்போதே கய்யூம் கத்தினார்.

“ஷரீஃபா! துரை அசந்துட்டார். இவ்வளவு எண்ணெய் கண்ட கொப்பரையை மலாக்காவிலேயே பார்த்ததில்லையாம். கணபதியோட சரக்கு மொத்தத்தையும் வாங்கிட்டார். எல்லாம் இடிக்கிற பக்குவத்துலதான் இருக்குன்னு நான்தான் விளக்கிச் சொன்னேன்!”

“பின்னே? நம்ம கொல்லையில காய்ச்ச தேங்காயாச்சே!”

கய்யூமின் சிரிப்பு பாதியில் நின்றது.

“நம்ம தேங்காயா? அப்போ நான் கொடுத்தது?”

“ஐயே, அது ஒரே பூஞ்சை, சிக்கு நாத்தம். அதையா துரைக்குக் கொடுத்தனுப்புறது? நம்ம வீட்டைப் பத்தி அவர் என்ன நினைப்பார்? அதான் பரண்ல இருந்த நம்ம கொப்பரையை எடுத்து இடிச்சேன்.”

“அந்தப் பொட்டலம் எங்கே?”

“கோழிக்குப் போட்டேன் மச்சான். அதுகூட ஒரு கொத்துக்கு மேல வாய் வைக்கல.”