மாப்பிள்ளைக்கு நடை பழக்கியது

"மாப்பிள்ளை, மெதுவா!" என்று அவள் சொன்னதும், எதிரே சைக்கிளில் வந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

யாரைச் சொல்கிறாள் என்று தேடினார். அவள் கையிலிருந்த கயிற்றையும், மறுமுனையில் கன்றுக்குட்டி கணக்காக நடந்துவந்த நாயையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

சிரிக்கட்டும். பெயர் வைத்தது அவளா என்ன? தம்பி வைத்தது. அவளுக்கு வரன் பார்த்துப் பார்த்து வீடே ஓய்ந்துபோயிருந்த சமயம். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, உனக்கு மாப்பிள்ளை கொண்டாந்துட்டேன்" என்று கூடத்தில் இறக்கிவிட்டான். அம்மாகூட அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இன்றைக்குப் பரீட்சை. கால்வாய்க் கரை முழுக்க, அந்த இடத்தையும் தாண்டி, கயிறு ஒரு தடவைகூட இறுகாமல் நாயை நடத்திக் காட்ட வேண்டும். காட்டினால் அது வீட்டில் இருக்கலாம். இழுத்ததோ, நாளைக்கே ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்குக்குக் காவல் நாயாகப் போய்விடும். அம்மா போட்ட நிபந்தனை. அப்பா வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த இடம் என்றால், தம்பி தண்ணீரில் விழுந்து செத்துப்போன இடம்.

நாய் இழுத்து விழுந்தான். வாத்தையோ பூனையையோ பார்த்துப் பாய்ந்திருக்கும், பிள்ளை நிலைதடுமாறியிருப்பான் என்று அம்மாதான் முதலில் சொன்னாள். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆட்கள் ஓடி வந்தபோது நாய் மட்டும் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்ததாம்.

அவளும்தான் நம்பினாள். நம்பிக்கொண்டே அதற்குச் சோறும் வைத்தாள். அவன் தூக்கி வளர்த்தது வீட்டில் அது ஒன்றுதானே பாக்கி. அதையும் அனுப்பிவிட்டால் அவன் அடியோடு போய்விடுவான் என்று பயமாக இருந்தது.

நாய் பழக்குகிறவரிடம் போய் நின்றாள். அவர் சொல்லித் தந்த வித்தை ஒன்றே ஒன்று. கயிறு இறுகினால் நட்ட கல்லாக நின்றுவிடு. திட்டாதே, திருப்பி இழுக்காதே. அதுவாகத் தளர்த்தினால் ஒரு துண்டு கறி கொடு, நட.

கேட்கச் சுலபம்தான். மாப்பிள்ளையோ அவளைவிடக் கனம். மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அடுத்தவர் வேலியில் விழுந்து எழுந்திருக்கிறாள். தோள் வீங்கி, துணி காயப்போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. மாப்பிள்ளை இழுத்த இழுப்புக்கெல்லாம் பொண்ணு போகுதே என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சிரித்தாள்.

அவள் விடவில்லை. நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். இழுத்தால் உலகமே நின்றுவிடுகிறது என்று நாய்க்கு ஒருநாள் விளங்கிவிட்டது. அதிலிருந்து அவள் முழங்காலை ஒட்டியே நடந்தது.

இப்போதும் அப்படித்தான் வந்தது. கயிறு தொளதொளவென்று தொங்கியது. பூனை ஒன்று குறுக்கே ஓடியது, திரும்பவில்லை. தண்ணீரில் வாத்துகள் கத்தின, காது மட்டும் அசைந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் கயிற்றிலேயே இருந்தது.

கைப்பிடிச் சுவர் முடிந்து, கரை சரியத் தொடங்கும் இடம் வந்தது.

கயிறு இறுகியது.

போச்சு, இத்தனை பாடும் பாழ் என்று நினைத்தபடியே, பழகிய பழக்கத்தில் நின்றுவிட்டாள்.

நாய் முன்னால் இல்லை.

பின்னால் இருந்தது. நான்கு காலையும் மண்ணில் ஊன்றி, கழுத்துப்பட்டை காது வரை ஏறிவர, தண்ணீரை விட்டு விலக்கி அவளைப் பின்பக்கமாக இழுத்தது. குரைக்கவில்லை. முனகிக்கொண்டே இழுத்தது.

கறித்துண்டை நீட்டினாள். கறி என்றால் உயிரை விடுகிற நாய், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரிவை நோக்கி அரை எட்டு வைத்துப் பார்த்தாள். வெறி பிடித்தது போல இழுத்தது.



அன்றைக்கும் இது இழுத்திருக்கும். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பகலிலும் சாத்திக் கிடந்த அவன் அறைக் கதவு ஞாபகம் வந்தது. என்னடா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். சரி, ஒன்றுமில்லை போல என்று இவர்களும் விட்டுவிட்டார்கள். ஐயோ, விட்டுவிட்டார்களே.

அம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். நாயைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மண்ணில் நகம் கீறிய கோடுகளைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"பாத்தியா, இழுக்குது" என்றாள் அம்மா. அப்படித்தான் என்று சொல்லிவிடேன் எனக் கெஞ்சுகிற குரல்.

நாய் இன்னும் விடவில்லை. அவள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மற்றக் கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, இழுக்குது. நாளைக்கே அனுப்பிடலாம்."