ஆடாத தொட்டில் வேண்டாம்

“ஊஹூம். இதுவும் ஆடலை. வேற காட்டுங்கக்கா.”

கடையில் பார்வைக்குப் போட்டிருந்த பெரிய கட்டிலில், கண்ணை மூடிப் படுத்தபடியே அவன் சொன்னான். கடைக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கட்டிலோடு ஒட்டி மாட்டும் குழந்தைத் தொட்டிலில் இது ஆறாவது. ஆடாமல் இருப்பதற்குத்தான் இதற்கெல்லாம் விலையே. இவன் என்னடாவென்றால் தலைகீழாகக் கேட்கிறான்.

“தம்பி, ஆடணும்னா ஊஞ்சல் தொட்டில் இருக்கு. அதை வாங்கிட்டுப் போயேன், புண்ணியமாப் போகும்.”

“அது வேண்டாங்க்கா. கட்டிலோட ஒட்டித்தான் இருக்கணும். குழந்தை காலை உதைச்சா பெரிய கட்டில் அதிரணும். படுத்திருக்கிற எங்க வீட்டுக்காரி முழிச்சுக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

அவன் பேக்கரியில் ராத்திரி வேலை பார்ப்பவன். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தான். காதோரம் மாவு அப்படியே இருந்தது. பிறந்ததும் கழுத்தில் ஓர் ஆபரேஷன், அதோடு நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த பெண் குழந்தை நாளைக்கு வீட்டுக்கு வருகிறது. ராத்திரி இவன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான்.

“உன் பொண்டாட்டிக்கு அப்படி என்னப்பா தூக்கம்?”

“நாப்பது நாளா அவ சரியாக் கண்ணை மூடலைக்கா. நேத்து நின்னுக்கிட்டே தூங்கி விழுந்தா. வீட்டுக்கு வந்து ஒரு தடவை அசந்துட்டான்னா...” அவன் தொட்டிலைப் பார்த்தான். “எனக்குப் பயமா இருக்குக்கா. இது மூணாவது கடை.”

“அட போப்பா! மூணு பெத்தவ சொல்றேன், எவ்வளவு அசந்து தூங்கினாலும் பிள்ளை லேசாச் சிணுங்கினாப் போதும், பெத்தவ எழுந்து உட்கார்ந்துடுவா. குறட்டை விட்டுத் தூங்குறது நீங்கதான்.”

அவன் சிரிக்கவில்லை. அந்த நேரம் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி. அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

“என்ன, அழறாளா? முகத்தைப் பாத்துச் சொல்லு. சரி, சரி. கண்ணை எடுக்காத. நான் இதோ முடிச்சிட்டு வந்துடறேன்.”

நர்ஸ் தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் கடகடப்பும், யாரோ தட்டைக் கீழே போட்டதும் துல்லியமாகக் கேட்டன. குழந்தையின் சத்தம் மட்டும் இல்லை.

“பரவாயில்லையே, சமத்துப் பொண்ணா இருக்காளே! என் கடைக்குட்டி பொறந்தப்போ எங்க தெருவே தூங்கலை, தெரியுமா?” என்றாள் கடைக்காரம்மா.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல வார்த்தை சொன்னால்கூட இந்த ஆளுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

கடைசியில், தலைவலி ஒழிந்தால் சரியென்று, பின்னறையில் கிடந்த ஒன்றை இழுத்துவந்தாள். வாங்கிப்போனவர்கள் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்த தொட்டில் அது. கட்டிலோடு மாட்டும் இரும்புக் கொக்கி கெட்டியானதுதான், விழாது. ஆனால் உள்ளே குழந்தை நெளிந்தால் பெரிய கட்டில் வரைக்கும் கிடுகிடுக்கிறது, மனுஷன் தூங்க முடியவில்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மாட்டி முடித்துத் திரும்பினால், அவன் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான். வாய் திறந்து, ஒரு கை தரையில் தொங்க, அடித்துப் போட்டாற்போல் கிடந்தான். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவள் பார்வைக்கு வைத்திருந்த பொம்மையைத் தொட்டிலுக்குள் போட்டு, அதன் காலைத் தூக்கி, மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“பாப்பா!” என்று அவன் அலறி எழுந்தான். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் தொட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“இதுதாங்க்கா. இதுதான் வேணும்.”

“சரி, இரு. கொக்கிக்கு நடுவுல ரப்பர் வெச்சுத் தரேன், கொஞ்சம்கூட அதிராது.”

“ஐயோ, வெக்காதீங்கக்கா! உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். அப்படியே குடுங்க!”

கடைக்காரம்மாவுக்கு வந்ததே கோபம்.

“பெத்த அப்பனாய்யா நீ? பச்சக் குழந்தைக்கு நல்லதா நாலு காட்டினா, வேண்டாம்னு திரும்பி வந்ததைத் தூக்கிட்டுப் போறேங்கிற! கட்டில் அதிர்ந்து பாதித் தூக்கத்துல பெத்தவ தூக்கிவாரிப்போட்டு எழுந்திருக்கணுமா? பசிச்சா குழந்தை அழாதா? அழற சத்தம் கேட்டு எழுந்திருக்க மாட்டாளா உன் பொண்டாட்டி?”

அவன் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அழுவாக்கா. சத்தம்தான் வராது.”