பரிசீலனையில் இருந்த ஆந்தை

காட்டில் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மயில், வாசலில் ஒரு கிளியை அமர்த்தியிருந்தது. யார் எதைக் கேட்டாலும், "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று சந்திப் பிழைகூட இல்லாமல் கிளி சொல்லும்.

இரவுக் காவல் வேலை கேட்டிருந்த ஆந்தை அன்று பதற்றத்துடன் வந்தது. "பக்கத்துக் காட்டுல வேலைக்குக் கூப்பிடுறாங்க தங்கச்சி. இன்னைக்கே பதில் சொல்லணும். இங்க இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடேன்."

"உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

பின்னால் நின்ற கரடி முன்னே வந்தது. "என் தேன் குடத்துக்குக் காவல் ஆள் கேட்டேனே, என்னாச்சு? தினமும் திருட்டுப் போகுது."

"உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

"நான் எங்கே விண்ணப்பிச்சேன்? வேலை கொடுக்கிறவனே நான்தானே!" கரடி ஆந்தையிடம் திரும்பிப் புலம்பியது. "ராத்திரி முழிச்சிருக்க ஒருத்தர்கூடவா இந்தக் காட்டுல இல்லை, அண்ணே?"

ஆந்தை இமைக்காமல் பார்த்தது. "தம்பி, என் கண்ணைப் பார்த்துக்கிட்டேவா இதைக் கேக்கிறே?"

இரண்டும் பேசிக்கொண்டே கரடியின் குகைக்குக் கிளம்பின.

சாயங்காலம் மயில் வந்து பார்த்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. "அத்தனை பேருக்கும் பதில் சொல்லி அனுப்பிட்டியே!" என்று அது பூரித்துப்போய், இன்னொரு கிளியையும் வேலைக்கு அமர்த்த ஏற்பாடு செய்தது.