மீனுக்குத் தீனி

“நாளைக்குள்ள இந்தக் குளத்தைத் தூர்த்துடணும், பாக்கியம். குளம்னா கொசு, கொசுன்னா காய்ச்சல்” என்றார் பிரெஞ்சு சர்க்காரின் சுகாதார இன்ஸ்பெக்டர் லுசியென்.

“முடியாது, முசே. என் கொல்லையில நானே வெட்டின குளம்.” கைகளைக் கட்டிக்கொண்டு அவருக்கும் குளத்துக்கும் நடுவில் நின்றாள் பாக்கியம். “தண்ணியை மொத்தமா மாத்தினா மீன் செத்துடும். அதனால வாரம் நாலு குடம் கத்தரிக்கு ஊத்திட்டு, நாலு குடம் புதுசா விடறேன். கொசு முட்டை பொரிச்சதுமே சிவப்புக் கெண்டைங்க புழுவைத் தின்னுடும். அப்புறம் கொசு எங்கேருந்து வரும்?”

லுசியென் கரையிலிருந்த பால் தூக்கைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

“இது என்னவாம்? வசமா மாட்டிக்கிட்ட!”

“மீனுக்குத் தீனி, முசே. குளத்துல ஒரு புழுகூட மிஞ்சல. அதுங்க பட்டினி கிடக்குமேன்னு வெளியிலேருந்து கொண்டாந்தேன்.”

“எங்கேருந்து? சொல்லு, அதையும் இன்னைக்கே தூர்க்கறேன்!”

பாக்கியம் தூக்கை வாங்கிக் குளத்தில் கவிழ்த்தாள். கெண்டைகள் பாய்ந்து வந்தன.

“அவசியம் தூர்த்துடுங்க. காலையில பால் ஊத்த வந்தப்போ, உங்க வீட்டுக் கொல்லைத் தொட்டியிலதான் அள்ளினேன்.”