மெயின்லேண்ட் ஆள்

மேஜைக்குப் பின்னால் மேனேஜர் சொக்கலிங்கம். அவருக்கு வலப்பக்கம், கோப்புக் கட்டோடு ஹெட் கிளார்க் பக்தவத்சலம். ஜன்னலோரப் படாக் மரப் பலகைப் பெட்டியின் மேல் ஸ்டோர் பார்க்கும் பிஸ்வாஸ் பாபு. வாசல் பக்கத்து ஸ்டூலில், மடியில் ஒரு டைப்ரைட்டரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இந்திராணி.

அந்தமான் மாயாபந்தரில் மரக் கம்பெனி ஆபீசுக்குள் அன்று காலை இருந்தது இந்த நால்வர்தான். அதில் மூவர் கூடி, நான்காவது ஆளுக்கு வேலை கிடையாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

பக்தவத்சலத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கம்பெனியின் டைப்ரைட்டர்களையும் கணக்கு மெஷின்களையும் ஒரு வருஷம் பராமரிக்கும் காண்டிராக்ட் அது. "உனக்குத்தான்மா" என்று முன்கூட்டி வாய் விட்டவர் அவர்தான்.

அவள் நிலைமையும் அவருக்குத் தெரியும். போர்ட் பிளேருக்குப் போய் மரைன் ஹில் வரை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டாள். சர்க்கார் ஆபீசில் போஸ்ட் இல்லை என்றார்கள். கம்பெனிகளில் மெயின்லேண்ட் சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். மெட்ரிக் பாஸ் செய்த பையன்களே ஜெட்டித் துறையில் மூட்டை தூக்க நிற்கிற காலம். இதுவும் இல்லையென்றால் பஜாரில் இருக்கும் ரிப்பேர் கடையை மூடிவிட்டுத் தேங்காய் உரிக்கத்தான் போக வேண்டும்.

"உனக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லலைம்மா," என்றார் சொக்கலிங்கம். "யாருக்குக் கொடுத்தேன்னு ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. பஜார்ல இருக்கிற ஒரு பொம்பளைக்குன்னு எழுதவா?"

"எழுதுங்க சார். பொய் இல்லையே."

"அரே பாப் ரே!" என்று பிஸ்வாஸ் பாபு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சொக்கலிங்கம் சிரிக்கவில்லை. "மெஷின் வந்தது மெயின்லேண்ட்லேர்ந்து. அதைப் பாக்கிற ஆளும் அங்கேர்ந்து வந்தாத்தான் மதிப்பு."

"தாத்தா காலத்துலேர்ந்து நாங்க இங்கதான் சார் இருக்கோம். இங்க பொறந்தவளுக்குக் கையில விரல் கம்மியாவா இருக்கு?"

பக்தவத்சலம் இருமினார். கெஞ்ச வேண்டிய நேரத்தில் இந்தப் பெண் இப்படி முறைக்கிறாளே என்று கோப்புக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அவளோ ஒன்றும் நடக்காதது போல மெஷினை நிமிர்த்தி, திருகாணியை இறுக்கி, தாளைச் செருகினாள். டைப்பிஸ்ட் லீவில் ஊருக்குப் போயிருந்ததால், அந்த வேலைக்கும் தினக்கூலிக்கு அன்று அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தன் பிழைப்பில் மண் போடும் கடிதத்தைத் தானே அடிக்க வேண்டிய கொடுமை!

"ராஜமாணிக்கம் அண்டு கோ, பிராட்வே, மெட்ராஸ்," என்று சொல்ல ஆரம்பித்தார் சொக்கலிங்கம். நடுவில் ஹெட் கிளார்க்கிடம் திரும்பினார். "இவங்க கொட்டேஷனைப் பார்த்தீரா? கப்பல் டிக்கெட் கேக்கலை, தங்கறதுக்குக் குவார்ட்டர்ஸ் கேக்கலை. அதுதான்யா பெரிய கம்பெனி லட்சணம்."

"அனுபவமுள்ள மெக்கானிக்னு மட்டும் இருக்கு சார். வர்ற ஆள் யாருன்னு பேர் இல்லையே. கேட்டு எழுதிடலாமா?" இதிலாவது கொஞ்சம் தள்ளிப்போகாதா என்று பக்தவத்சலத்துக்கு ஒரு நப்பாசை.

"எவன் வந்தா என்னய்யா? மெட்ராஸ் கம்பெனி ஆள். அது போதும்." மேனேஜர் இந்திராணி பக்கம் விரலை நீட்டினார். "கடைசியா ஒண்ணு போடும்மா. வந்துட்டு, மழை, அட்டை, மலேரியான்னு பாதியில ஓடக் கூடாது. ஒரு வருஷத்துக்கு ரெண்டு தரப்பும் மாத்த முடியாதுன்னு போடு."

"ரெண்டு தரப்புமா சார்?"

"ஆமாம்மா. நாங்க என்ன வாக்கு மாறுற ஆளா?"

"அச்சா சார்." டக்டக்கென்று அடித்து, தாளை உருவிக் கொடுத்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

சொக்கலிங்கம் கையெழுத்துப் போட்டார். பக்தவத்சலம் முத்திரை குத்தி, மடித்து, உறைக்குள் வைத்துப் பசை தடவினார். ஒட்டுகிறபோது அவளை ஒருமுறை பார்த்தார். 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "ஓரம் சரியா ஒட்டலை பாருங்க, அண்ணா. நல்லா அழுத்துங்க," என்றாள்.

வாசலில் காத்திருந்த பியூன் பழனிசாமி தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினான். சற்று நேரத்தில் லாஞ்ச் படகு ஊதியது. ஜன்னல் வழியே அது விரிகுடாவைத் தாண்டிப் போவதை நால்வரும் பார்த்தார்கள்.

"பஸ், காம் கதம்! வேலை முடிஞ்சுது," என்று கையைத் துடைத்துக்கொண்டார் பிஸ்வாஸ் பாபு.

சொக்கலிங்கத்துக்கு இப்போது மனசு இளகிவிட்டது. "வருத்தப்படாதேம்மா. அந்த ஆள் வந்து இறங்கின உடனே சொல்லி அனுப்பறேன். கூட நின்னு பாரு. நாலு விஷயம் கத்துக்கலாம்."

இந்திராணி திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ராஜமாணிக்கம் என் தங்கச்சி வீட்டுக்காரர் சார். அந்தக் கம்பெனிக்கு மெக்கானிக் நான்தான்."