திரும்பத் திரும்ப வந்த பெயர்

மேசையின் தலைப்பக்கம் சங்கச் செயலாளர் சுப்பிரமணி. அவருக்குப் பக்கத்தில், படவேட்டிலிருந்து வந்திருந்த கமிட்டி உறுப்பினர் சம்பூர்ணம். எதிரே மடிக்கணினியைத் திறந்துவைத்தபடி, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்ற வேலூர் கம்பெனி அனுப்பிய தேவயானி. கதவோரத்து பெஞ்சில், துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஜவ்வாது மலை விவசாயி கோபால்சாமி.

கண்ணமங்கலத்தில் இருந்த அந்தச் சங்க அலுவலகத்தில் அன்றைக்குக் குற்றவாளி தேவயானிதான்.

"ரெண்டு தபா அந்தப் பேர எடுத்தாச்சு. ரெண்டு தபாவும் திரும்பி வந்து குந்திக்கிச்சு. நீ பண்ணி வெச்சிருக்கறது பட்டியலா, பேயாம்மா?" என்று பாய்ந்தார் சுப்பிரமணி.

விஷயம் இதுதான். மலையில் உள்ள புளிய மரங்களைச் சங்கம் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுக்கும். வீட்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தாலும் மரம் கிடையாது. கோபால்சாமிக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் சின்னக்குழந்தை வேலைக்குப் போய்விட்டாள். தன் குடும்பப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிவிடும்படி அவரே எழுதிக் கொடுத்திருந்தார். இன்று மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போகாவிட்டால் இந்த வருஷத்துப் புளி அவருக்கு இல்லை.

"சார், ஒரு வூட்டுக்கு ஒரு வரிசை. வூட்டு ஆளுங்க பேரையெல்லாம் மொத்தப் பட்டியலா ஒரே கட்டத்துல போட்டிருந்தோம்" என்றாள் தேவயானி. "மலை மேல இருக்கற சங்க மையத்துல டவர் இல்ல. அவங்க கையில இருக்கறது பழைய பட்டியல். முதல்ல இவரு மருமக பேரச் சேர்த்தாங்க, அப்புறம் பேரப்புள்ள பேரச் சேர்த்தாங்க. அனுப்பும்போது அந்த ஒரு பேரு மட்டும் வராதுங்க. பழைய பட்டியல் முழுசா வந்து, இங்க இருக்கறத மூடிடும். நாம எடுத்த பேரும் அதோட வந்துடும்."

"சரி, இப்ப இன்னா பண்ணியிருக்க?"

"ஆளுக்கு ஒரு தனிக் கட்டம் பண்ணிட்டேன். ஒருத்தரச் சேர்த்தா அந்தக் கட்டம் மட்டும்தான் வரும். எடுக்கறதும் அப்பிடித்தான். எடுத்த இடத்துல 'இவங்க இல்ல'ன்னு நேரத்தோட ஒரு அடையாளம் நிக்கும். அதுக்கு முந்தின பட்டியல் எது வந்தாலும் அடையாளம்தான் ஜெயிக்கும்."

"அழிக்கறதுக்கும் ஒரு கல்லு நட்டு வெக்கறேன்னு சொல்லு" என்றாள் சம்பூர்ணம்.

சுப்பிரமணி பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"இன்னா பெரியவரே, எடுத்துடலாமா?"

கோபால்சாமி பேசாமல் இருந்தார். சுப்பிரமணி இன்னும் உரக்கக் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. தேவயானி எழுந்து போய், பெஞ்சைச் சுற்றி அவருடைய வலப்பக்கம் நின்று, குனிந்து மெல்லக் கேட்டாள். "எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

"எடுத்துடுங்க" என்றார் கோபால்சாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சம்பூர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. அவளும் எழுந்து அவருடைய வலப்பக்கம் வந்து நின்றாள். "வேலைக்குப் போற பொண்ணு, பேரு மட்டும் சின்னக்குழந்தையா?"

"வூட்டுல கூப்புடற பேரும்மா. மலையில நாங்க அதைத்தான் எழுதிக் குடுப்போம். பள்ளிக்கூடத்துப் பேரு எங்களுக்கு வாயில வராது."

"படிக்க வெச்ச பொண்ண நாலு புளிய மரத்துக்காக வெட்டி உட்றியே, நல்லா இருக்குதா?"

"அவ சம்பளம் வேலூர்ல ரூம் வாடகைக்கே சரியாப் போவுது. எங்களுக்கு அரிசின்னா அது புளி வித்த காசுதான். வேற இன்னா பண்ணட்டும்?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் போயி எழுதிக் குடுன்னா."

"கல் நெஞ்சுக்காரி" என்றாள் சம்பூர்ணம். "சம்பளத்தப் பார்த்ததும் ஆயி அப்பன் வேணாம்னு ஆயிடுச்சு. உன்ன மாதிரி படிச்சதுங்கதாம்மா இதெல்லாம்."

தேவயானி இடத்துக்குத் திரும்பி, கோபால்சாமி குடும்பத்து வரிசையைத் திரையில் கொண்டுவந்தாள். பெயர்கள் இப்போது தனித்தனிக் கட்டங்களில் நின்றன. ஒன்றைத் தொட்டாள். நீக்கவா என்று கணினி கேட்டது. அவள் விரல் கொஞ்சம் தயங்கியது.

"இன்னாம்மா, மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"இல்லீங்க சார்."

அழுத்தினாள். கட்டம் காலியானது.

"சத்தியமா திரும்பி வராதே?"

"தானா வராதுங்க."

சுப்பிரமணி சங்கத்தின் தாளில் கடிதம் எழுதினார். 'மேற்படி சின்னக்குழந்தை என்பவருக்கும் இக்குடும்பத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' கோபால்சாமி தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பெயரை நீக்கியவர் என்ற இடத்தில் தேவயானி கையெழுத்திட்டாள். முத்திரை குத்தி, உறைக்குள் போட்டு, பசை தடவி ஒட்டி, அவளிடமே நீட்டினார் சுப்பிரமணி.

"பஸ் ஸ்டாண்டுக்குத்தான போற? போற வழியில பெட்டியில போட்டுடு."

கோபால்சாமி முன்னாலேயே கிளம்பிவிட்டார். தேவயானி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மலைக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அவர் ஏறாமல், கம்பத்தருகே நின்று அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடிதத்தைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும், அவருடைய முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் போய்ச் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணா நிக்க வேணாம், நீ இந்த பஸ்ல போ, நான் அடுத்த பஸ்ல வூட்டுக்கு வர்றேன்."