பொறுப்பாசிரியர்

“இந்த ‘ஊழல்’ங்கற வார்த்தை மட்டும் வேண்டாமே, சார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

இடியாருக்குச் சுர்ரென்று ஏறியது.

இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே ‘இடிமுழக்கம்’ என்ற அரசியல் வலைப்பூவால்தான். ஒரே ஆளாக எழுதி எழுதிக் களைத்துப்போய், இரண்டு வருஷமாக அதைத் தொடவே இல்லை. தனி மரம் தோப்பாகாது என்று இப்போது மூன்று புது எழுத்தாளர்களைச் சேர்த்திருந்தார். ‘இன்று பத்து மணிக்கு மீண்டும் இடி இடிக்கும்’ என்று சொந்தபந்தம் பூராவுக்கும் செய்தி அனுப்பியாகிவிட்டது. இடிக்காவிட்டால் அப்புறம் ஒரு கல்யாணம் காட்சியில் தலைகாட்ட முடியாது.

முதல் கட்டுரை அவரே எழுதியது. மந்திரி வந்து மூன்று தடவை ரிப்பன் வெட்டிய பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் கூரை இல்லை. அதுதான் விஷயம். நால்வர் பெயரும் போட்டு வெளியிடுவதாகத் திட்டம்.

“ஊழலுக்குப் பதிலா ‘குறைபாடு’ன்னு போட்டுக்கலாம். எனக்குக் கடை லைசென்ஸ் புதுப்பிக்கணும், பாருங்க.”

“மாமா, ‘மந்திரி’யும் வேண்டாம். ‘சம்பந்தப்பட்டவர்’னு போடுங்க” என்றான் மச்சான். இடியாரின் மனைவிக்குத் தம்பி, ரோடு காண்டிராக்டர். “என் டெண்டர் அவர் மேஜையிலதான் கிடக்கு.”

“பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னா எதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க. ‘ஒரு பொது இடம்’ போதும்” என்றார் எதிர்வீட்டு வக்கீலம்மா.

“நீங்க வக்கீல்! நீங்களுமா பயப்படறீங்க?”

“கேஸ் வந்தா வாதாடறதுக்கு நான் வெளியில இருக்க வேண்டாமா?”

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் மிஞ்சியது ஒரு வரி. ‘ஒரு பொது இடத்தில், சம்பந்தப்பட்டவர்களால், ஏதோ ஒரு குறைபாடு ஏற்பட்டிருக்கலாம்.’

மச்சான் அதையும் இரண்டு தடவை படித்தான். “‘ஏற்பட்டிருக்கலாம்’ கொஞ்சம் காரமா இல்ல?”

இடியார் எழுந்தே விட்டார்.

“தொடைநடுங்கிகளா! எழுத வந்துட்டு இப்படிப் பயந்து சாகறீங்களே, வெட்கமா இல்ல? நான் எழுதினது எழுதினபடியே போகும். யார் பேரும் போட வேண்டாம், ‘இடிமுழக்கம் குழு’ன்னு போட்டுக்கறேன். கேஸோ, கைதோ, எது வந்தாலும் பொறுப்பு முழுக்க ஆசிரியர் தலையில. போதுமா?”

மூவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. “உங்களை மாதிரி நெஞ்சுரம் யாருக்கு சார் வரும்!” என்ற வக்கீலம்மா, தொழில் பழக்கத்தில், “எதுக்கும் ஆசிரியர் விவரம் சரியா இருக்கான்னு பார்த்துடறேன்” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

“அதெல்லாம் வேண்டாம்!” என்று இடியார் பாய்வதற்குள் படித்துவிட்டார்.

“ஆசிரியர், உரிமையாளர்... சார், இதுல உங்க வீட்டம்மா பேர்லயா இருக்கு? போன் நம்பரும் அவங்களோடதுதான்.”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மனைவி, மார்க்கெட் பையும் சொட்டச் சொட்ட நனைந்த புடவையுமாக நின்றாள்.

“என் பேர்ல என்ன இருக்கு?”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல இடியார் விழித்தார். ரிஸ்க்கை அடுத்தவர் தலைக்கு மாற்றுவதில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம்.

“ஆரம்பத்துல இருந்தே உன் பேர்தான். ராசியான பேராச்சேன்னு...”

“அப்போ ஆசிரியர் நானா?”

“சும்மா பேருக்குத்தான்.”

“கேஸ் வந்தா?”

“அது... சும்மா பேருக்கு வரும்.”

“அக்கா, உடனே உன் பேரை எடுக்கச் சொல்லு!” என்று பதறினான் தம்பி.

அவளோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கட்டுரையை முதலில் இருந்து கடைசி வரை படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எல்லாம் நிஜம்தானே?”

“நிஜம்தான். ஆனா இப்ப யோசிச்சா, அந்த ‘ஊழல்’ மட்டும்...”

“இப்ப அரை மணி நேரம் அந்த பஸ் ஸ்டாண்டுல நின்னு நனைஞ்சுட்டு வர்றேன். உங்களுக்கு ஸ்கூட்டர் இருக்கு. கஷ்டம் எனக்குத்தானே தெரியும்” என்றபடி ‘வெளியிடு’ பட்டனைத் தட்டினாள்.

மணி பத்து. இடி இடித்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் ஓசைப்படாமல் செருப்பைத் தேடினார். இடியார் ஜன்னல் வழியாக போலீஸ் ஜீப் வருகிறதா என்று பார்த்தார். கால் மணி நேரம் போயிற்று. அப்போது அவள் செல்போன் அலறியது.

“போச்சு! நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு!” இடியார் படுக்கையறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவில் காதை மட்டும் வைத்தார்.

அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அம்மா, பஸ் பயணிகள் சங்கத்துல இருந்து பேசறோம். கட்டுரையைப் படிச்சுட்டு எல்லாரும் கண் கலங்கிட்டோம்மா! வர்ற வாரம் பெரிய மேடை போட்டு, ஆளுயர மாலையோட பாராட்டு விழா. எழுதினவங்க கட்டாயம் வரணும்!”

படாரென்று கதவு திறந்தது.

“நான்தான்! நான்தான் எழுதினேன்! சொல்லு, சொல்லு!” என்று இடியார் வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

“ஏதோ சத்தம் கேக்குதேம்மா. உங்க வீட்டுக்காரரா? அவரையும் மேடை ஏத்திடுவோம். இருக்காரா?”

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இல்லைங்க. அவர் வீட்ல இல்லை.”